மைக்ரோசாஃப்ட் வழக்கு தள்ளுபடியாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூகுள் நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு நடத்திவரும் வழக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதன் பெரும்பகுதியோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால், போகிற போக்கில் பழைய மைக்ரோசாஃப்ட் வழக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்த கட்டுரையாளர், வெற்றிபெற்ற ஒரு நிறுவனத்தைத் தண்டிக்க அரசு முயன்றது என்றும், மேல்முறையீட்டில் அந்த வழக்கு தள்ளுபடியானது என்றும், பிரவுசரை இலவசமாகக் கொடுத்ததால் மக்களுக்கு நட்டம் ஏதுமில்லை என்றும் மூன்றே வரிகளில் முடித்துவிட்டார். முதலாவதும் மூன்றாவதும் அவருடைய கருத்துகள். அவற்றை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இரண்டாவது கருத்தல்ல, பிழையான தகவல். அது பிழையாக இருப்பதால்தான் மற்ற இரண்டும் நியாயம்போலத் தோன்றுகின்றன.

அமெரிக்க நீதித் துறையும் 20 மாநிலங்களும் 1998 மே 18 அன்று தொடுத்த வழக்கில், நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூன் 7 அன்று மைக்ரோசாஃப்டை இரண்டு நிறுவனங்களாகப் பிரிக்க ஆணையிட்டார். அந்த ஆணையை 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே பத்திரிகையாளர்களிடம் தனியே மனம்விட்டுப் பேசியதற்காக ஜாக்சனைக் கடுமையாகக் கண்டித்து, வழக்கிலிருந்தும் விலக்கியது. கட்டுரையாளர் இதைத்தான் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார் போலும். ஆனால், கணினி இயங்குதளச் சந்தையில் மைக்ரோசாஃப்டுக்கு ஏகபோகம் இருந்தது என்பதையும், அந்த ஏகபோகத்தை அது சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் காத்துக்கொண்டது என்பதையும் அதே தீர்ப்பில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக உறுதிசெய்தார்கள். பிரவுசர் சந்தையையும் ஏகபோகமாக்க முயன்றது என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிரவுசரைத் தன் இயங்குதளமான விண்டோஸோடு பிணைத்துக் கொடுத்தது பற்றிய பகுதி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆகவே ரத்தானது பரிகாரம், அதாவது நிறுவனத்தைப் பிரிக்கும் ஆணை. சட்டமீறல் என்ற முடிவின் மையப்பகுதி அப்படியே நின்றது.

'வெற்றியைத் தண்டிப்பது' என்ற வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1890 முதல் நடைமுறையில் உள்ள ஷெர்மன் சட்டம் ஒரு நிறுவனம் பெரிதாக வளர்ந்ததையோ, நல்ல பொருளைச் செய்து சந்தையைப் பிடித்ததையோ குற்றமாகப் பார்ப்பதில்லை. பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்காமலிருக்க அடுத்தவரை என்ன செய்தாய் என்பதே அதன் கேள்வி. 1999 நவம்பர் 5 அன்று ஜாக்சன் வெளியிட்ட 412 பத்திகள் கொண்ட உண்மை முடிவுகளை (சாட்சியங்களிலிருந்து எவை உண்மை என்று நீதிபதி கண்டதன் தொகுப்பை) படிப்பவர்களுக்கு அந்தக் கேள்விக்கான விடை வரிசையாகக் கிடைக்கும். ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ்/2 என்ற தன் சொந்த இயங்குதளத்தைக் கைவிட மறுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஐபிஎம்முக்கு, தன் கணினிகளில் விண்டோஸ் 95-ஐ நிறுவி விற்பதற்கான உரிமம் எப்போது கிடைத்தது தெரியுமா? 1995 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸ் 95 வெளியீட்டு விழா தொடங்குவதற்குச் சரியாகப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பு. மற்ற நிறுவனங்களின் கணினிகள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தபோது, பள்ளி திறக்கும் பருவத்தின் வியாபாரத்தை ஐபிஎம் கோட்டைவிட்டது. மறு ஆண்டு, காம்பேக் நிறுவனம் தான் விற்கும் கணினிகளின் முகப்புத் திரையிலிருந்து மைக்ரோசாஃப்டின் பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தை நீக்கிவிட்டு, அதன் போட்டிப் பிரவுசரான நெட்ஸ்கேப்பை வைத்தபோது, விண்டோஸ் உரிமத்தையே ரத்துசெய்யப்போவதாக மைக்ரோசாஃப்டிடமிருந்து அதற்குக் கடிதம் போனது. உலகிலேயே மிக அதிகமாகக் கணினி விற்ற நிறுவனங்களுள் ஒன்று, தான் தயாரித்த கணினியின் திரையில் எந்தச் சின்னம் இருக்கலாம் என்பதில் அடங்கிப்போய், பழைய சின்னத்தைத் திரும்ப வைத்தது. வெற்றிபெற்றவன் இப்படி மிரட்ட வேண்டிய தேவை என்ன என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

தேவை இருந்தது. 'இலவசம்' என்ற வாதம் தடுக்கி விழும் இடமும் அதுவே. அன்றைய தனிநபர் கணினிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை விண்டோஸில் ஓடின. ஒருவர் விண்டோஸை வாங்கியது அதன் அழகுக்காக அல்ல. அதில் ஓடக்கூடிய மென்பொருள்கள் 70,000-க்கும் மேல் இருந்தன என்பதற்காக. ஓஎஸ்/2 தன் உச்சத்தில் இருந்தபோதுகூட அதற்கென இருந்தவை ஏறத்தாழ 2,500 மட்டுமே. மென்பொருள் எழுதுவோர் ஆள் அதிகமுள்ள தளத்துக்கே எழுதுவார்கள், ஆட்கள் மென்பொருள் அதிகமுள்ள தளத்துக்கே வருவார்கள் என்ற இந்தச் சுழலுக்குள் புதிதாக ஒருவர் நுழைவது ஏறக்குறைய முடியாத காரியம். நெட்ஸ்கேப் பிரவுசரும் சன் நிறுவனத்தின் ஜாவா என்ற நிரலாக்கத் தொழில்நுட்பமும் இந்த மதிலில் ஒரு வாசலைத் திறந்துவிடக் கூடியவையாக இருந்தன. மென்பொருளைப் பிரவுசரின் மேல் ஓடும்படி எழுதிவிட்டால், அடியில் இருப்பது விண்டோஸா வேறொன்றா என்பது பயனருக்கு ஒரு பொருட்டாக இராது. இந்த ஆபத்தைப் பில் கேட்ஸே 1995 மே மாதம் தம் அதிகாரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தார். (அதே கேட்ஸ் 1998-ல் அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸின் கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, எந்தப் பிரவுசர்களைப் பற்றிக் 'கவலை' கொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, கவலை என்று நீங்கள் சொல்வதன் பொருள் எனக்குப் புரியவில்லை என்றார். அந்த ஒளிப்பதிவு நீதிமன்றத்தில் ஓடியபோது நீதிபதியாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.) ஆக, பிரவுசர் இலவசமாக வந்தது பிரவுசரை விற்பதற்காக அல்ல, விண்டோஸைத் தொடர்ந்து காசுக்கு விற்பதற்காக. அந்தக் காசு எப்படி நிர்ணயமானது என்பதும் நீதிமன்ற ஆவணத்தில் உள்ளது. விண்டோஸ் 98-க்கு மாறுவதற்கான பதிப்பை 49 டாலருக்கு விற்கலாம் என்று நிறுவனத்தின் உள் ஆய்வே சொன்னது. ஆனால் அதிக வருவாய் தரும் விலை 89 டாலர் என்றும் சொன்னது. நிறுவனம் 89-ஐத் தேர்ந்தெடுத்தது. போட்டியாளர் ஒருவர் இருந்திருந்தால் இந்தத் தேர்வு அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

இதில் எனக்கு நேரடிப் பழக்கமும் சிறிது உண்டு. 1999-ல் நான்கு கணினிகளோடு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வருகிறவர்கள் யாரும் பிரவுசர் எங்கே என்று கேட்டதில்லை. உட்கார்ந்ததும் திரையில் இருந்த அந்த நீல 'e' எழுத்தை, அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தை, இருமுறை சொடுக்குவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அதுதான் இன்டர்நெட். ஒரு கணினியில் மட்டும் நெட்ஸ்கேப்பையும் நிறுவி, அதன் சின்னத்தை நீல எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அந்த ஆண்டு முழுவதும் அது என்னவென்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர், வைரஸாக இருக்குமோ என்று கேட்டார். எது முன்கூட்டியே திரையில் இருக்கிறதோ அதற்கு எத்தனை பலம் என்பதை எனக்குச் சொல்லித்தர எந்தப் பொருளாதார நிபுணரும் தேவைப்படவில்லை. காம்பேக்குக்கு ஏன் அப்படி ஒரு கடிதம் போனது என்பது பின்னாளில் தீர்ப்பைப் படித்தபோது உடனே புரிந்தது.

பொதுவிவாதம் எந்த லட்சணத்தில் நடந்தது என்பதையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம், ஏனென்றால் அவர் இன்று எடுத்தாளும் வாதங்கள் அங்கிருந்து வந்தவையே. 1999 ஜூனில் 240 பொருளாதாரப் பேராசிரியர்கள் கையெழுத்திட்ட திறந்த மடல் ஒன்று, இத்தகைய வழக்குகள் நுகர்வோருக்குக் கேடு என்ற வாதத்தோடு, அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. அந்த விளம்பரச் செலவை ஏற்றது மைக்ரோசாஃப்ட் என்று அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கையெழுத்திட்டவர்கள் தாங்கள் நம்பியதைத்தான் எழுதினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. யார் காசில் அச்சானது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். எதிர்த்தரப்பும் யோக்கியமாக இல்லை. மைக்ரோசாஃப்டின் போட்டியாளரான ஆரக்கிள் நிறுவனம் துப்பறிவாளர்களை அமர்த்தி, மைக்ரோசாஃப்டுக்கு ஆதரவான அமைப்புகளை வேவு பார்த்தது. ஓர் அமைப்பின் குப்பைக் காகிதங்களைத் துப்புரவுப் பணியாளர்களிடம் காசு கொடுத்து வாங்கவும் முயற்சி நடந்தது. 2000-ல் இது அம்பலமானபோது, ஆரக்கிள் தலைவர் லேரி எலிசன் அதைப் பொதுத்தொண்டு என்றே நியாயப்படுத்தினார்.

இவற்றையெல்லாம் மிஞ்சிய ஒன்று 2001-ல் நடந்தது. வழக்கில் சேர்ந்திருந்த மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்களுக்கு, மைக்ரோசாஃப்டை விட்டுவிடுமாறு கேட்டுச் சாமானியக் குடிமக்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. தாளும் எழுத்துருவும் ஆளுக்கு ஆள் வேறு. வாக்கியங்கள் மட்டும் பல கடிதங்களில் ஒன்றுபோலவே இருந்தன. யூட்டா மாநிலத்துக்கு வந்தவற்றில் குறைந்தது இரண்டு கடிதங்கள் இறந்துபோனவர்களின் பெயரில் வந்திருந்தன. மைக்ரோசாஃப்டின் நிதியுதவியும் பெற்ற ஓர் அமைப்பு ஆட்களைத் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் பெயரில் கடிதம் தயாரித்துக் கொடுத்து அனுப்பச் செய்த ஏற்பாடு அது என்பது அந்த ஆகஸ்டில் செய்தியாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதி, பத்தில் ஒன்று அச்சானால் அந்த நாளிதழைப் பத்திரப்படுத்தி வைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது வயிற்றெரிச்சலான செய்தி. (இந்தக் கடிதத்தை எழுதுகிறவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பதை உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன்.)

உண்மையான கடிதங்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் அதுவும் மகிழ்ச்சி தரவில்லை. ஏகபோக எதிர்ப்பு வழக்கில் அரசு சமரசம் செய்துகொண்டால், அந்தச் சமரசத்தைப் பொதுமக்களின் கருத்துக்கு வைத்த பிறகே நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்று 1974-ம் ஆண்டின் டன்னி சட்டம் சொல்கிறது. ஆட்சி மாறிய பின் புஷ் அரசு நிறுவனத்தைப் பிரிக்கும் கோரிக்கையைக் கைவிட்டு, 2001 நவம்பரில் சமரசம் செய்துகொண்டபோது, அதன்மீது 32,329 கருத்துகள் வந்தன. நீதிபதி கலீன் கொல்லர்-கோட்டெலி 2002 நவம்பர் 1 அன்று பிறப்பித்த ஆணையில் அந்தச் சமரசம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. கணினித் தயாரிப்பாளர்களைப் பழிவாங்கக் கூடாது, அவர்கள் போட்டியாளரின் சின்னத்தைத் திரையில் வைக்கலாம், மற்ற மென்பொருள்கள் விண்டோஸோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல்களை வெளியிட வேண்டும் என்பவை அதன் சாரம். தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. 1996-க்கு முன்பே வந்திருந்தால் காம்பேக்கின் கையில் அது ஓர் ஆயுதமாக இருந்திருக்கும். ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப்பை ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் வாங்கி, அந்தப் பிரவுசரும் தேய்ந்துபோயிருந்தது. ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே கதைதான்: 2004-ல் 49.7 கோடி யூரோ அபராதத்தோடு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க ஆணை பிறந்தது. இரண்டுக்கும் ஒரே விலை என்பதால் அதை வாங்குவார் இல்லை. வழக்கு சாதித்தது குறைவு என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

ஆனால் 'தள்ளுபடி' என்பது வேறு; அதன் விளைவு இன்றைக்கும் நீள்கிறது. கட்டுரையின் மையமான கூகுள் வழக்கில், தேடுபொறிச் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். கைபேசியிலும் பிரவுசரிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருக்கும்படி மற்ற நிறுவனங்களோடு கூகுள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை எடைபோட அவர் மீண்டும் மீண்டும் கையிலெடுத்த அளவுகோல், அந்த ஏழு நீதிபதிகளின் 2001-ம் ஆண்டுத் தீர்ப்புதான். தள்ளுபடியான வழக்கின் மீது இப்படி ஒரு தீர்ப்பைக் கட்டியிருக்க முடியாது. பரிகாரத்தில் நீதிமன்றம் தயங்கும் வழக்கமும் மாறவில்லை: 2025 செப்டம்பரில், கூகுள் தன் குரோம் பிரவுசரை வேறொருவருக்கு விற்றுவிட வேண்டும் என்ற அரசின் கோரிக்கையை மேத்தா ஏற்கவில்லை.

எனவே, 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துசெய்தது நிறுவனத்தைப் பிரிக்கும் ஆணையைத்தான், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவை அது உறுதிசெய்தது என்ற திருத்தத்தை, கட்டுரை வெளியான அதே பக்கத்தில் இரண்டு வரிகளில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டர் கதையை நீக்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.