மலைநடைத் திட்டத்தில் காத்திருப்பு நாள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த நேபாள மலைநடைப் பயணக் கட்டுரையைப் படித்தேன். அன்னபூர்ணா சுற்றுப்பாதையையும் தோரோங் லா கணவாயையும் அழகாக விவரித்திருந்த அக்கட்டுரை, மழைக்காலம் ஓய்ந்த பின் வரும் அக்டோபரே அங்கு செல்ல ஏற்ற மாதம் என்றும், 11 நாட்களில் நடையை முடித்துவிடலாம் என்றும் கூறியிருந்தது. முதல் கூற்று பெரும்பாலான ஆண்டுகளில் உண்மைதான். இரண்டாவது கூற்றைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். அக்கட்டுரையோடு அச்சாகியிருந்த நாள்வாரி அட்டவணையை இருமுறை பார்த்தேன். வானிலை கெட்டால் விடுதியிலேயே தங்கியிருப்பதற்கென்று அதில் ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை.

2014 அக்டோபரில் நடந்ததை வாசகர்களில் பலர் மறந்திருக்கலாம். அந்தமான் கடலில் உருவாகி, ஓமன் நாடு சூட்டிய கொண்டலாத்திப் பறவையின் பெயரோடு வந்த ஹுட்ஹுட் புயல், அம்மாதம் 12-ஆம் தேதி விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. அந்த நகரம் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்த நாம், வழக்கம்போல, புயல் ஆந்திராவுக்குப் போய்விட்டது, இனி நமக்குக் கவலையில்லை என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். புயலோ அங்கே நிற்கவில்லை. வலுவிழந்து சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் வழியாக வடக்கே நகர்ந்த அதன் மிச்சம், மேற்கிலிருந்து வந்த காற்றலையோடு சேர்ந்துகொண்டு இமயத்தின் மீது ஏறியது. சமவெளியில் மழையாகப் பெய்த அதே ஈரம், மலையின் உயரப் பகுதிகளில் பனியாகக் கொட்டியது. 14-ஆம் தேதி தோரோங் லா பகுதியில் அரை நாளுக்குள் ஏறத்தாழ ஆறடிப் பனி விழுந்ததாக அப்போது செய்திகள் கூறின. நடைப்பயணிகள், வழிகாட்டிகள், சுமைதூக்கிகள், யாக் மேய்ப்போர் எனக் குறைந்தது 43 பேர் மாண்டனர். 500-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

அவர்கள் எப்படி அகப்பட்டுக்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பாதையின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். தோரோங் லா 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே, மனாங் பக்கம், சுமார் 4,500 மீட்டரில் உள்ள தோரோங் பேதியிலோ அதற்கும் மேலே உள்ள முகாமிலோ இரவு தங்கி, விடியுமுன்னே, நான்கு மணி வாக்கில் கிளம்புவது வழக்கம். பகல் ஏற ஏறக் கணவாயில் காற்று வலுத்துவிடும் என்பதே காரணம். உச்சியை அடைந்த பின் மேற்கே முக்திநாத் வரை 1,600 மீட்டர் இறங்க வேண்டும். இந்த நீண்ட இறக்கத்தில் இடையே ஒதுங்குவதற்கு இடம் மிகக் குறைவு. 2014-இல் பனி மும்முரமாகக் கொட்டத் தொடங்கியபோது பலர் கணவாய் உச்சியிலிருந்த சிறு தேநீர்க் கொட்டகையில் அடைந்துகொண்டனர். பிறகு, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று வெளியே வந்தவர்களுக்கு வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிப் பாதையும் வழிகாட்டும் கம்பங்களும் தெரியாமல் போயின. இடுப்பளவுப் பனியில் ஒவ்வோர் அடியையும் பிடுங்கி வைத்து நடப்பவருக்கு வியர்க்கும், வியர்வை ஆடையை நனைக்கும், நின்றவுடன் அந்த ஈரமே உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் நடுக்கம், பிறகு நாக்குழறல், பிறகு பையின் வாரைக்கூடக் கழற்ற முடியாத விரல்கள். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிறது என்று உடனிருப்பவர்கள் எண்ணிக்கொள்வார்கள், உண்மையில் அதுதான் மிக ஆபத்தான கட்டம். மேகம் விலகும்வரை ஹெலிகாப்டராலும் வர முடியாது.

முக்திநாத் என்ற பெயர் நம்மவர்களுக்குப் புதிதன்று. ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம் அதுவே என்று கொண்டு, ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான அடியார்கள் அங்கே சென்று, கோயிலுக்குப் பின்னால் கொட்டும் 108 தாரைகளில் நீராடி வருகிறார்கள். அவர்கள் ஜோம்சோம் வரை விமானத்திலும் அங்கிருந்து ஜீப்பிலும் போய், அதே வழியில் திரும்புபவர்கள். விமானம் அன்றைக்குப் பறக்காவிட்டால் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இரண்டொரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள். எழுபது வயது யாத்திரிகர்களுக்கு இருக்கும் இந்த முன்யோசனை, அதே மலைக்கு மறுபக்கத்திலிருந்து முதுகுப்பையோடு ஏறும் இளைஞர்களின் பயணத் திட்டத்தில் இல்லாமற்போனது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

இதை நான் ஏட்டறிவைக் கொண்டு மட்டும் எழுதவில்லை. பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின், சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற எட்டுப் பேர் குழுவில் நானும் அந்தக் கணவாயை நோக்கி நடந்தேன். தோரோங் பேதியை அடைந்த மாலையில் மேற்கு வானம் ஈயம்போல் மங்கியது. இரவெல்லாம் பனி பெய்தது. அதிகாலை மூன்றரை மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது விடுதி வாசலில் கணுக்காலுக்கு மேல் பனி நின்றது. ஏறமுடியாமல் தளர்ந்தவர்களைக் கணவாய்வரை சுமப்பதற்காகக் குதிரைகளை வாடகைக்கு விடும் ஒருவர் அங்கே இருந்தார். அன்று காலை அவருக்கு நிச்சயம் நல்ல வரும்படி கிடைத்திருக்கும். ஆனால் அவர் சேணத்தை எடுக்கவே இல்லை. குதிரைகளின் முதுகில் சாக்கைப் போர்த்திவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் அன்று படித்த வானிலை அறிக்கை அதுதான்.

எங்கள் குழுவில் ஐந்து பேருக்கு அந்த அறிக்கை போதவில்லை. கோரக்பூரிலிருந்து ராப்திசாகர் விரைவு ரயிலுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே எடுத்த பயணச்சீட்டு அவர்களை நெருக்கியது. அந்த ரயில் நாள்தோறும் ஓடுவதில்லை, தவறவிட்டால் அடுத்து இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒருவருக்குத் திங்கட்கிழமை அலுவலகம் போயாக வேண்டும். எங்களை அழைத்துச் சென்ற அமைப்பாளர், அட்டவணைப்படி நடப்பதே ஒழுக்கம் என்பதுபோலப் பேசினார். உள்ளூர் வழிகாட்டி இளைஞரோ என்னிடம் தனியாக, இன்று போகவே கூடாது என்றார். அதைக் குழுவின் முன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அடுத்த குழுவை அமைப்பாளர் தமக்குத் தருவாரோ மாட்டாரோ என்று தயங்கினார். ஐவரும் கிளம்பிப் போய், இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஒருவர், அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காக வலக்கை உறையைக் கழற்றித் தொடையிடுக்கில் வைத்திருக்கிறார். காற்று அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. விடுதி அடுப்பருகே அவர் நீட்டிய நான்கு விரல்களின் நுனியும் மெழுகுபோல் வெளுத்திருந்தன. வெந்நீரில் வைத்துச் சூடேறத் தொடங்கியபோது அவர் வாய்விட்டு அழுதார். விரல்கள் பிழைத்தன. மறுநாளும் பனி விடாததால் வந்த வழியே மனாங்குக்கு இறங்கினோம், ரயிலைத் தவறவிட்டோம், கூடுதல் நாட்களுக்கான செலவை அமைப்பாளர் எங்கள் தலையிலேயே கட்டினார். இந்தக் கடைசிச் செய்தியைக் குறையாக இல்லாமல் காரணமாகவே எழுதுகிறேன்: தங்கினால் பணம் போகும், ஏறினால் போகாது என்ற ஏற்பாட்டில் பத்தில் ஒன்பது பேர் ஏறத்தான் பார்ப்பார்கள்.

இது நேபாளத்துக்கோ அக்டோபருக்கோ மட்டும் உரிய ஆபத்து என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். 2024 ஜூன் தொடக்கத்தில், அதாவது வட இந்தியா வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாட்களில், உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்குச் சென்று திரும்பிய 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் இறந்தனர்; குழுவில் பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். 2021 அக்டோபரில் ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாசலத்தின் சித்குலுக்குக் கிளம்பிய குழுவிலும் பனிப்பொழிவு உயிர்களைப் பறித்தது.

நம் மாநிலத்தில் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. அவை நம் காடுகளுக்கு உள்ளேதான் செல்லும். இங்கிருந்து ஆட்களைத் திரட்டி இமயத்துக்கு அழைத்துச் செல்பவரின் துண்டறிக்கையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று கேட்பாரில்லை. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் தனியே நடக்கக் கூடாது என்று நேபாளம் அறிவித்தது நல்லதே. ஆயினும், வேண்டாம் என்று சொல்லும் வழிகாட்டிக்கு அன்றைய கூலியும் அடுத்த குழுவும் உறுதி என்றால்தான் அவர் வாய் திறப்பார். ஆகவே, கணவாயைக் கடக்கும் எந்தப் பயணத்துக்கும் குறைந்தது இரண்டு காத்திருப்பு நாட்களை அட்டவணையிலேயே சேர்த்து, அவற்றின் செலவையும் கட்டணத்திலேயே அடக்கி, வானிலை காரணமாக ஏறுவதை நிறுத்தும் முடிவு உள்ளூர் வழிகாட்டியுடையதே என்பதை எழுத்தில் தருமாறு அமைப்பாளர்களிடம் பணம் கட்டுமுன்பே கேட்டுப் பெறுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயன்படாத காத்திருப்பு நாளை மனாங்கில் கழிக்கலாம்; அங்கே இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில், பயணக் காலத்தில், உயர நோயைப் பற்றி மருத்துவர்கள் நடத்தும் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பயணக் கட்டுரைகளோடு அட்டவணை வெளியிடும்போது காத்திருப்பு நாட்கள் இல்லாத அட்டவணையைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். அடுத்தது வானிலைப் பத்தியைப் பற்றியது. வங்கக்கடல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தைத் தமிழ் வாசகர்களைப்போல் அன்றாடம் உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு; அக்டோபர், நவம்பரில் காலைக் காப்பியோடு நாம் முதலில் தேடும் செய்தியே அதுதான். 2013-இல் கோபால்பூர் அருகே கரையேறிய பைலின் புயலின் மிச்சமும் நேபாளம்வரை மழையைக் கொண்டுசென்றது. 2014-இல் விசாகப்பட்டினத்தில் புயல் கரையைக் கடந்ததற்கும் தோரோங் லாவில் பனி கொட்டியதற்கும் இடையே சுமார் இரண்டு நாட்கள் இருந்தன. ஆனால் எச்சரிக்கை மலைமேல் இருந்த விடுதிகளுக்கு உரிய முறையில் போய்ச் சேரவில்லை என்ற குறைகூறல் அப்போது பரவலாக எழுந்தது. இன்று மனாங்வரை கைப்பேசி வேலை செய்கிறது, அங்கே நடந்துகொண்டிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ வீட்டிலிருந்து ஒரு செய்தி அனுப்பிவிட முடியும். எனவே, புயல் ஆந்திர, ஒடிசா கரைகளை நோக்கி நகர்கிறது என்று எழுதும் நாட்களில், அதன் மிச்சம் இரண்டு, மூன்று நாட்களில் இமயமலைப் பகுதியில் பனிப்பொழிவைத் தரக்கூடும் என்று வானிலை மையம் கூறியிருந்தால், அந்த ஒரு வரியை இடமில்லை என்று வெட்டிவிடாமல் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.