மாத்திரை வாங்க வராதவரிடம் காரணம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய குமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 2021 ஆகஸ்டில் வீடு தேடி வந்து நோய் பார்க்கும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர்காரர்களின் விவரங்கள் கணினியில் ஏறிக்கொண்டிருப்பது தங்களுக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: மாத்திரை வாங்க வராமல் நின்றுபோனவர் யார் என்று மாதாமாதம் அந்தப் பதிவைப் பாருங்கள். பார்த்துவிட்டு அவரிடம் காரணம் கேளுங்கள்.

என் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், வெட்டி முடித்து, பால் எடுத்து, சாப்பிட உட்கார பத்து மணியாகிவிடும். டாக்டர் சீட்டில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்றிருந்தது. அவரும் புறப்படும்போதே கட்டன்சாயாவோடு (பால் ஊற்றாத டீ) போட்டுக்கொண்டார். அந்த மாத்திரையைப் போட்டால் கையோடு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கத்தியோடு மரத்தடியில் சரிந்துவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். அந்தப் பயத்தில் மாத்திரையையே நிறுத்திவிட்டார். எங்களிடமும் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவர் மருந்து வாங்கவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. காலில் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் திரையைப் பார்த்து, “இத்தனை மாசமா மாத்திரை வாங்கல, உயிர்மேல ஆசையில்லையா?” என்று நாலுபேர் முன்னால் திட்டினார்கள். அத்தனை மாதமும் அந்த விவரம் அதே கணினியில்தானே இருந்தது? திட்டுவதற்கு மட்டும் திறக்கிற பதிவு எங்களுக்கு எதற்கு?

வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. அப்பா ஒருவரின் அசட்டை அல்ல இது. திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்த்துத் திரும்பும் நம் மாவட்டத்துக்காரர்கள் ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் சேர்த்து விழுங்குவதையும் பார்க்கிறேன். அந்தச் சீட்டையும் யாராவது பதிவில் ஏற்ற வேண்டாமா? ஆதார் எண், போன் எண், 14 இலக்க ஆபா எண் (மருத்துவப் பதிவுக்கான அடையாள எண்) எல்லாம் தவறாமல் கேட்கிறீர்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்றும் கேளுங்கள்.

வீடு வீடாக நடக்கும் பெண் பணியாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டாமல், வராதவர்களின் பட்டியலைக் கணினியே எடுத்துத் தரும்படி செய்யுங்கள். அதை வைத்து ஒரு நர்ஸ் போனில் பேசட்டும். மாத்திரையை எப்போது போடுவது என்பதைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்.

இந்த மாதமே இதைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் மகள்