பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

தேவாலா
மார்கழி 22

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. பனி கடுமையாக இருப்பதால் தேயிலைக் கொழுந்து இல்லை, எடை போடும் இடத்தில் சாக்குகள் பாதிகூட நிறைவதில்லை. யானைகள் சில நாட்களாக ஓடைப் பக்கமே நிற்கின்றன. இருட்டிய பிறகு யாரும் கீழே இறங்குவதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது. பெரியம்மா உன்னைக் கேட்டார்கள்.

போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல் உட்கார்ந்து படி.

நேரத்துக்குச் சாப்பிடு. விடுதியில் முட்டை வைத்தால் ஒதுக்காதே. பத்து மணிக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்காதே. உடம்பு தேறுவது தூக்கத்தில்தான் என்று உங்கள் பயிற்சியாளரே அன்றைக்கு என்னிடம் சொன்னார். கால்பந்து ஆட மைதானத்தில் இறங்கும் முன் அந்த இருபது நிமிட வார்ம்-அப்பை ஒருநாளும் விடாதே. குளிர் நாளில் இன்னும் கூடுதலாகச் செய். முழங்காலைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள் என்று தம்பி படித்துக் காட்டினான். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாதாம். பெண் பிள்ளைகளுக்கு அது ஆண் பிள்ளைகளைவிட அதிகமாக மடங்குகிறதாம். அதனால் நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, வார்ம்-அப்பை விடாதே.

2025 அக்டோபர் 17 ஞாபகம் இருக்கிறதா? கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் நம் நாட்டுப் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி உஸ்பெகிஸ்தானோடு ஆடிய அன்று தம்பி ஸ்கோரை மட்டும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் கோல் அவர்கள் போட்டார்கள் என்றதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். 55-ஆவது நிமிடத்தில் சமன், 66-இல் இரண்டாவது கோல். 2-1 என்று முடிந்ததும் முதலில் வந்த அழைப்பு உன்னுடையதுதான். பிஷ்கெக் போன பட்டியலில் உன் பெயர் இல்லை. அதற்காக நீ எத்தனை இரவு அழுதாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று நீ போட்ட கூச்சலில் பக்கத்து லயன் வீடுகளே எழுந்துகொண்டன. "அம்மா, 2005-க்குப் பிறகு இப்போதுதான் ஆசியக் கோப்பைக்குப் போகிறோம், அதுவும் தகுதிச்சுற்றில் ஜெயித்து" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். தன் பெயர் இல்லாத அணியின் வெற்றிக்கு இப்படி மகிழ்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று அன்று இரவு முழுவதும் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு! ஜூலையில் பெரிய பெண்கள் அணி சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே வென்றது. ஆகஸ்டில் இருபது வயதுக்குட்பட்டவர்கள் யாங்கோனில் மியான்மரை ஒரே ஒரு கோலில் வென்றார்கள். அக்டோபரில் இவர்கள். ஒரே ஆண்டில் மூன்று அணிகளும் ஆசியக் கோப்பைக்கு. 2022-இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை நம் நாட்டில் நடந்ததால் நமக்கு இடம் சும்மா கிடைத்தது. அமெரிக்காவிடம் எட்டு, மொராக்கோவிடம் மூன்று, பிரேசிலிடம் ஐந்து கோல் வாங்கினோம். அப்போது எஸ்டேட் கடையில் நின்று சிரித்தவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். இப்போது அவர்கள் உன்னைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் நிமிர்ந்து பதில் சொல்கிறேன்.

அடுத்த தேர்வு முகாம் உனக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சீனாவில் ஆசியக் கோப்பை, பன்னிரண்டு அணிகள், அதில் முதல் நான்குக்குள் வந்தால் மொராக்கோவில் உலகக் கோப்பை. இதை அப்பாயிக்கு விளக்கிச் சொல்லிவிட்டு உன் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். அப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இலங்கையிலிருந்து இங்கே வரத் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது அதற்கும் உன் வயதுதான். அதன் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பயணம், அதுவும் போக மட்டும். "இவள் போய்விட்டுத் திரும்பி வருவாள் இல்லையா" என்று கேட்டது. வருவாள் என்றேன்.

புத்தாண்டுக்குப் பிறகு நீ சரியாகப் பேசவில்லை. முன்பெல்லாம் எத்தனை சுற்று ஓடினாய், யார் யாரை ஏமாற்றிப் பந்தை எடுத்தாய் என்று நான் கேட்காமலே சொல்வாய். இப்போது "பிராக்டிஸ் போச்சும்மா" என்பதோடு சரி. வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை என்கிறாய். சிக்னல் இல்லாத ஊர் நம்முடையதா உன்னுடையதா? மகள் அம்மாவிடம் மறைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாளா என்று யோசித்தேன். கோபமும் வந்தது. அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாடுகாணி மலை இறங்கி வழிக்கடவுக்கு, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்க்கக் கூட்டிப்போன காலத்திலிருந்து, பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று சொன்ன ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றவள் நான். மழைக்காலத்தில் உன் காலுறையில் உப்பும் புகையிலைத் தூளும் தேய்த்து, அட்டை ஏறாமல், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஆட அனுப்பியவள் நான். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

தம்பி புத்தாண்டு அன்று நீங்கள் எல்லோரும் எடுத்த வீடியோவைக் காட்டினான். கேலரிப் படிகளில் இறங்கி வருகிறீர்கள். மற்றப் பிள்ளைகள் குதித்துக் குதித்து இறங்குகிறார்கள். நீ கடைசியில் வருகிறாய். கம்பியைப் பிடித்திருக்கிறாய். வலது காலை முதலில் கீழே வைக்கிறாய், இடது காலை அதே படிக்குக் கொண்டுவருகிறாய், பிறகுதான் அடுத்த படி. உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறாய். கேமரா உன் பக்கம் வந்ததும் கம்பியை விட்டுவிட்டுக் கையை ஆட்டிச் சிரிக்கிறாய்.

பாப்பா, நான் சரிவில் கொழுந்து எடுத்துப் பிழைக்கிறவள். மூட்டையோடு மேட்டில் ஏறும்போது முட்டி ஒன்றும் சொல்லாது. இறங்கும்போதுதான் தெரியும். இந்த மலையில் முட்டி போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குகிறார்கள், பக்கவாட்டில், கெட்ட காலை முன்னால் விட்டு. பெரியம்மா வீட்டுப் படியில் இறங்குவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அந்த வீடியோவை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். தம்பியைக் கேட்டால் அவன் கூரையைப் பார்க்கிறான். அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். நீ சத்தியம் வாங்கியிருப்பாய்.

வலது முட்டிக்கு என்ன ஆயிற்று? எப்போது ஆயிற்று? வீங்கியதா? விழுந்தபோது உள்ளே ஏதாவது வெடித்த மாதிரிச் சத்தம் கேட்டதா? ஓடும்போது திடீரென்று கால் நிற்காமல் வழுக்குகிறதா? இவற்றையெல்லாம் கேட்கச் சொன்னது எதிர் லயன் நர்ஸ் அக்கா. யாருக்காகக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்குப் புரிந்திருக்கும். உள்ளே இருக்கும் தசைநார் முழுவதும் கிழிந்திருந்தால்கூடச் சில நாளில் வீக்கம் வடிந்து நடக்க முடியுமாம், நேராக ஓடவும் முடியுமாம். அதனால் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் மறுபடி இறங்கிவிடுவார்களாம். ஒருமுறை வெட்டித் திரும்பினால் போதும், பக்கத்தில் இருக்கும் சவ்வும் சேர்ந்து போய்விடுமாம். யாரும் இடிக்கக்கூடத் தேவையில்லையாம்.

தம்பியைத் தேடிப் படிக்கச் சொன்னேன். ஸ்பெயின் நாட்டு அலெக்சியா புத்தேயாஸ் உலகத்திலேயே சிறந்த வீராங்கனை என்று பரிசு வாங்கியவள். 2022 ஜூலையில், ஐரோப்பியக் கோப்பை தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, பயிற்சியில் அவள் முழங்கால் போயிற்று. அந்தக் கோப்பையை அவள் ஆடவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினாள். ஆஸ்திரேலியாவின் சாம் கெர் 2024 ஜனவரியில் காயப்பட்டு 2025 செப்டம்பரில்தான் மைதானத்துக்குத் திரும்பினாள். அவர்களுக்கெல்லாம் உடனே டாக்டர் பார்த்தார், மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தார்கள், அதனால் திரும்பி வந்தார்கள். மறைத்து ஆடியவர்களின் பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கப் போகிறது?

இன்னொன்று. வலிக்கு யார் மாத்திரை கொடுத்தாலும் வாங்கி விழுங்காதே. ஊசி வேண்டவே வேண்டாம். வீக்கம் குறையப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டது என்று நர்ஸ் அக்கா சொன்னார்கள். சோதனையில் மாட்டினால் காலோடு பெயரும் போய்விடும். வலியை மறைத்துக்கொண்டு ஓடுவதற்காக நீ மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாயோ என்ற நினைப்பில் எனக்கு இரண்டு வேளைச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டோடுதான் போடுகிறாயா, வெறும் வயிற்றிலா? பார், என்னவெல்லாம் கேட்கிறேன். போடவே போடாதே.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பிஷ்கெக் கைநழுவிப் போயிற்று, இதையும் விட்டால் வயது தாண்டிவிடும் என்ற பயம். பதினேழு என்ற கோட்டை யாரும் உனக்காகத் தள்ளிப் போட மாட்டார்கள். அந்தப் பயம் பொய் இல்லை. அதை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பதினேழுக்குப் பிறகு இருபது வயதுக்குட்பட்ட அணி இருக்கிறது, அதற்குப் பிறகு பெரிய அணி இருக்கிறது, அங்கெல்லாம் ஓட உனக்கு இந்த வலது கால்தான் வேண்டும். உஸ்பெகிஸ்தானோடு ஆடிய அன்று பெஞ்சிலிருந்து இறங்கிய தண்டாமணி பாஸ்கேதான் நம் முதல் கோலைப் போட்டது, இரண்டாவதற்குப் பந்தைக் கொடுத்ததும் அவள்தான். இதையும் நீயே எனக்குச் சொன்னாய். காத்திருந்தவளுக்கு நேரம் வந்ததை நீயே பார்த்தாயே.

வீட்டு நிலைமையை நினைத்து மறைக்கிறாயோ என்றும் தோன்றுகிறது. 2022 அணியின் கேப்டன் அஷ்டம் ஓராவனின் ஊரில், அவள் பெயரைச் சொல்லிப் போட்ட சாலையிலேயே அவளுடைய அம்மாவும் அப்பாவும் கூலி வேலை செய்தார்கள் என்று செய்தி வந்தபோது நீ பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "நான் உங்களை அப்படி விட மாட்டேன்" என்றாய். எனக்கு அந்த வாக்கு வேண்டாம் பாப்பா. நாங்கள் உழைப்பது எங்களுக்குப் பாரமில்லை. உன் காலை வைத்து எங்களைக் கரையேற்ற வேண்டியதில்லை. இந்திய அணியில் ஆடிய கடலூர் இந்துமதி போலீஸில் எஸ்.ஐ. ஆனதைச் சொல்லி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று நான் அடிக்கடி சொன்னது உன் மேல் நம்பிக்கை வைத்துத்தான். உன் முதுகில் மூட்டை ஏற்றுவதற்கு இல்லை.

ஸ்கேனுக்குப் பணம் ஆகும் என்றால் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காதே. பெரியம்மாவிடம் பேசி இந்த மாதச் சீட்டை நாமே எடுக்கிறோம். ஆபரேஷன் என்றாலும் பார்த்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து ஓய்வெடுக்கச் சொன்னால் உடனே வா. இங்கே யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல நான் இருக்கிறேன். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து தருகிறேன், அப்பாயி எண்ணெய் காய்ச்சித் தடவுகிறேன் என்று கிளம்பும். அதை மட்டும் டாக்டரைக் கேட்காமல் விட மாட்டேன்.

முதலில் பயிற்சியாளரிடம் சொல். பயந்துகொண்டு சுற்றி வளைக்காமல், "சார், வலது முட்டியில் வலி, இந்த நாளிலிருந்து இருக்கிறது" என்று சொல். ஸ்கேன் எடுக்கும் வரை பந்தைத் தொடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், உன் கைக்கு எந்த நாள் வந்தது என்பது எனக்குத் தெரிந்துவிடும். மறுநாள் இரவுக்குள் நீ அழைத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் அதற்கடுத்த நாள் காலை நானே உங்கள் பயிற்சியாளருக்குப் போன் செய்வேன். நம்பரைத் தம்பியிடம் வாங்கி வைத்துவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உன்
அம்மா