பேச்சுப் பயிற்சிக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

'சொல்வதெல்லாம் பிள்ளைக்குப் புரிகிறது, பேச்சு மட்டும் ஏன் தெளியவில்லை?' இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்த கேள்வி இது. ஜூலையில் வந்த ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு குறைகளைப் பிரித்துக் காட்டினார். டிசார்த்ரியாவில் பேச்சுத் தசைகள் தளர்ந்தோ இறுகியோ இருக்கும். செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறை, உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். பேச்சு குழறும், ஆனால் பிழை பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். அப்ராக்சியாவில் தசைக்குப் பலம் உண்டு. நாக்கும் உதடும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று மூளை திட்டமிடுவதில்தான் தடுமாற்றம். 'பம்பரம்' என்று மூன்று முறை சொல்லச் சொன்னால் மூன்று விதமாக வரும்; உயிரெழுத்துகூட மாறும். 'ப-ப-ப' சொல்லும் பிள்ளை 'ப-த-க' என்றதும் திணறும். ஆயிரத்தில் ஓரிரு பிள்ளைகளுக்கே இது இருக்கும் என்கிறது மதிப்பீடு. தாமதமாகப் பேசும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயரை ஒட்ட வேண்டாம், முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள் என்றார்.

ஊதல், பலூன், மெழுகுவத்தி ஊதிப் பழகினால் பேச்சு வருமா என்பது பற்றித்தான் காரசாரமான விவாதம். ஊதிப் பழகினால் ஊதத்தான் வரும் என்பது என் கட்சி. அப்ராக்சியாவுக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சியே: பயிற்றுநரின் வாயைப் பார்த்து, முதலில் சேர்ந்து மெதுவாக, பிறகு தனியாக, அதே சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது. வாரத்தில் ஒரு நீண்ட வகுப்பைவிட, பல நாள் சிறிது நேரம் செய்வது நல்லது.

பாட்டிமார் கோபிக்க வேண்டாம்: நாக்கில் வசம்பு தேய்ப்பதாலோ, நாக்குக்கு அடியில் வெட்டிவிடுவதாலோ அப்ராக்சியா தீராது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்தும்கூட.

வேண்டியதைப் படத்தைக் காட்டிச் சொல்லப் படஅட்டை கொடுத்தால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும் என்ற பயம் இன்னும் சிலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை, சொல்ல வந்தது எதிராளிக்குப் புரிந்தால் அழுகையும் அடமும் குறைகிறது. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லி மற்றவர் சிரிக்க விடாதீர்கள், படஅட்டையையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் அச்சிட்டோம். மீதிப் பிரதிகள் என்னிடம் உள்ளன.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றிப் பலர் கேட்டீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் இருக்கிறது. ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்பதை மருத்துவச் சான்று வழங்கும் அதிகாரியே முடிவு செய்வார். இதற்கென ஜனவரியில் தனிக் கூட்டம் வைக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்