குழந்தை இருக்கும் வீட்டுக்கு எதை எடுத்துப் போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. தேங்காய்க்குள் பருப்பும் வெல்லமும் அடைத்துச் சுடும் ஆடி முதல் நாளில் தொடங்கி கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும்வரை சேலத்தில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். குழந்தை இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கொரு கிரீம் பிஸ்கட் பாக்கெட், ஆளுக்கொரு சாக்லேட் வாங்கிப் போகிறோம். அங்கே உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "ஏங்க, இதையெல்லாமா குழந்தைக்குத் தர்றீங்க?" என்று கேட்பதும் நாம்தான்.

சிநேகிதர் வீட்டுக் குழந்தை எந்நேரமும் பாக்கெட் தீனியே தின்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். அறிவுரையால் இது மாறுவது அரிது. சிப்ஸ் நல்லதல்ல என்று அந்தத் தாய்க்குத் தெரியாதா? "சோறு இறங்கவே மாட்டேங்குது, இதையாவது தின்னட்டும்" என்பதுதான் அவர் நிலைமை. சோறு இறங்காததற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிறு குழந்தையின் இரைப்பை கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.லி. பத்து கிலோ குழந்தைக்கு 300 மி.லி. பதினொன்றரை மணிக்கு ஒரு டம்ளர் பாலும் நாலு பிஸ்கட்டும் போனால், பன்னிரண்டரை மணிக்குத் தட்டைத் தள்ளத்தான் செய்யும். தள்ளியதும் பயந்துபோய் மறுபடியும் பிஸ்கட்.

ஆகவே பேசுவதானால் "என்ன கொடுக்கறே?" என்று ஆரம்பிக்காமல் "எத்தனை மணிக்குக் கொடுக்கறே?" என்று ஆரம்பியுங்கள். சாப்பாட்டுக்கு முந்திய 2 மணி நேரம் தண்ணீர் மட்டும் என்று ஒரு வாரம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் அழுகை இருக்கும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே விட்டுவிடுவார். தீனியைக் குறை சொன்னால் வளர்ப்பைக் குறை சொன்னதாகப் படும். நேரத்தைச் சொன்னால் அப்படிப் படாது. எதைச் சொல்வதானாலும் குழந்தை எதிரிலும் மாமியார் எதிரிலும் வேண்டாம்.

அவராகக் கேட்டால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் காட்டிக் கொடுங்கள். மூலப்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். பழச்சாறுப் பெட்டியில் 100 மி.லி.க்குச் சர்க்கரை 12 கிராம் என்றிருந்தால், 200 மி.லி. பெட்டியில் 24 கிராம், அதாவது 5 டீஸ்பூன். நாளொன்றுக்கு 1,000 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு, கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்புப்படி, சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம்தான். ஒரு பெட்டியோடு கணக்குத் தீர்ந்தது. 2 வயது வரை இனிப்புப் பானமே வேண்டாம் என்கிறது அதே நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். நூடுல்ஸ், சிப்ஸ் என்றால் சோடியத்தைப் பாருங்கள்: 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு.

இன்னொரு பக்கமும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் தாராளமாகப் போடுகிறவர்கள், பிஸ்கட் கொடுக்கும் சிநேகிதியைப் பார்த்து முகம் சுளிப்பதைக் காண்கிறோம். பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். பாலில் கலக்கச் சொல்லி டின்னில் வரும் சத்துப் பவுடர்களும் அப்படியே. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது. அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை எடுக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது.

நம்மூர்ப் பெருமையான ஜவ்வரிசியையும் சொல்லியாக வேண்டும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் செய்வது, வெறும் ஸ்டார்ச். 100 கிராமில் புரதம் 1 கிராம்கூடத் தேறாது. வயிற்றுக்கு இதமானதுதான், ஆனால் ஜவ்வரிசிக் கஞ்சியே தினசரி ஆகாரம் என்றால் குழந்தை வளர அதில் சரக்கு இல்லை. விடச் சொல்ல வேண்டாம். 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வறுத்த பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டியைக் குழைய வேகவைத்துச் சேர்த்து, ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் அதே கஞ்சி சாப்பாடாகிவிடும். ஜவ்வரிசி கண்ணாடியாகத் தெளியும்வரை வேக வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள்.

சரி, கையில் எதை எடுத்துப் போவது? ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். சீசனில் மாம்பழம். ஏற்காடு போய் வந்தால் பட்டர் ஃப்ரூட் இரண்டு: அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், கல்லாக இருந்தால் இரண்டு மூன்று நாள் வெளியில் வைக்கச் சொல்லுங்கள். கடை மில்க் ஷேக்கில் சர்க்கரை கொட்டுவார்கள். பாதிப் பழத்தோடு ஒரு பூவன் பழத்தைப் பிசைந்தால் இனிப்பே தேவைப்படாது. வெட்டி வைத்தால் கறுக்கும், உடனே கொடுத்துவிட வேண்டும். ஆடி முதல் நாள் தேங்காய்க்குள் அடைக்கும் பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள், அவல் கலவையும் அருமையான தீனி. வெல்லத்தைப் பாதியாக்கி, வறுத்துப் பொடித்து, ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுங்கள். தேங்காய்த் துருவலோடு பிசைந்து தரலாம்.

அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது இன்னும் வசதி. முதலில் ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். நாலு குழந்தைகளுக்குச் சுண்டல் என்றால் 100 கிராம் பச்சைப்பயறு, 8 மணி நேரம் ஊறல், குக்கரில் 2 விசில், கால் டீஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். ஊறல் போதாவிட்டால் தோல் தனியே நிற்கும், குழந்தை துப்பும். அதைப் 'பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக வையுங்கள். "இது உடம்புக்கு நல்லது கண்ணு" என்ற வசனம் வேண்டாம், கேட்டதும் கையை இழுத்துக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் அளவு வைத்தால் போதும், தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். பழகாத பண்டத்தைப் பல குழந்தைகள் பத்துப் பதினைந்து தடவை பார்த்த பிறகே வாயில் வைக்கும்.

மூன்று வயது தாண்டியவர்களுக்குத் தட்டுவடை செட்டுக்கூட (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்தது) மோசமில்லை. எண்ணெய்ப் பண்டம்தான், ஆனாலும் கேரட்டும் பீட்ரூட்டும் பச்சையாகத் தின்கிற வேறு சந்தர்ப்பம் நம் குழந்தைகளுக்கு ஏது? தட்டுவடையை மட்டும் வாங்கி வந்து, காயை வீட்டில் கழுவித் துருவுங்கள். ஆளுக்கு ஒரு செட்டு. சட்னியில் காரம் குறைவாக இருக்கட்டும்.

நம் குழந்தையை அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போவதானால் வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அங்கே ஒரு துண்டு கேக் தின்றால் குடி முழுகாது.

சில விஷயங்களில் மட்டும் சிநேகிதம் கெட்டாலும் பரவாயில்லை என்று அப்போதே சொல்ல வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, நாக்கில் தடவுவதுகூட. தேனில் இருக்கக்கூடிய கிருமி அந்தக் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் 5 வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயை அடைக்கும். கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நறுக்கியும் தரலாம். டீயில் பிஸ்கட் தோய்த்து ஊட்டுவது சர்வ சாதாரணம், ஆனால் டீ உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குழந்தை வெளுத்துப்போய் மண்ணோ விபூதியோ சாக்பீஸோ தின்றால், தீனிப் பேச்சை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சுற்றுலா இடங்களில் ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய் கண்ணில் பட்டால் தடுங்கள். துணிச் சாயமான ரோடமின்-பி கண்டுபிடிக்கப்பட்டதால்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது.

கடைசியாக, வயிற்றுப்போக்கு. இனிப்புப் பானப் பெட்டிகளை ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) என்று நம்பிக் கொடுத்தால், கூடுதல் சர்க்கரையால் போக்கு அதிகமாகும். சரியான கலவை இல்லாத பானங்கள் அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலமாகவே வாங்கச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மி.லி.க்கு; எது என்று உறையில் இருக்கும். பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் கலக்காதீர்கள், உப்பின் அளவு தப்பும். கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஊட்டச்சத்துத் துறை வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.