புது ரயர் போட்ட லொறி ஏன் இடப்பக்கம் இழுக்குது?

வவுனியா
தை மாதம்

அன்புள்ள சிவம்,

கடிதம் கிடைச்சுது. ஒட்டுசுட்டான் பக்கம் மழை விட்டு, காலபோக வெள்ளாமை கதிர் முத்திக்கொண்டு வருதெண்டு எழுதியிருந்தாய். நல்ல சேதி. இஞ்சை எல்லாரும் சுகம். பெரியவன் ஏ.எல். எழுதிப்போட்டு றிசல்ற் வருமட்டும் வீட்டிலை நிண்டு மனிசியின்ரை பொறுமையைச் சோதிக்கிறான்.

லொறி விசயத்துக்கு வாறன். அறுவடைக்கு முதல் சரிப்படுத்த வேணும் எண்ட அவசரம் விளங்குது. ஆனால் ரயர் கடைக்காரன் சொன்னான் எண்டதுக்காக அலைன்மென்ற் (சில்லுகள் நிக்கிற கோணம்) பாக்க ஓடாதை. பழைய ரயரோடை நேரா ஓடின உன்ரை இசுசு எல்ப் லொறி, முன்னுக்கு இரண்டு புது ரேடியல் ரயர் (உள்ளுக்குக் கம்பிப் பட்டி போட்டது) போட்டதும் இடப்பக்கம் இழுக்குதெண்டால், முதல் சந்தேகம் ரயரிலையும், அதைக் கழட்டிப் பூட்டின கையிலையுந்தான் விழ வேணும். அச்சு ஒரே நாளிலை தானா வளையாது.

முதல், அது உண்மையான இழுவைதானோ எண்டு பார். நாங்கள் இடப்பக்கம் ஓடுறனாங்கள். தண்ணி வழியிறதுக்காக றோட்டும் நடுவிலையிருந்து ஓரத்துக்குச் சரிஞ்சுதான் கிடக்கும். ஸ்ரியறிங்கை லேசா விட்டால் எந்த நல்ல லொறியும் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். விடியக்காலமை வாகனமில்லாத நேரம், ஏ9 றோட்டிலை மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலை நேர்த் துண்டொண்டு பாத்து, முன்னும் பின்னும் வெறுமையா இருந்தால் மட்டும், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சில்லு வாற மாதிரி 40 கிலோமீற்றர் வேகத்திலை கொஞ்சத் தூரம் ஓட்டு. அங்கை நேரா நிண்டால் பிழை றோட்டிலை. அங்கையும் இழுத்தால் பிழை லொறியிலை. நெல்லுக் காயப்போடத் தொடங்க முதல் போ, பிறகு பாதி றோட்டுத்தான் மிஞ்சும். கிரவல் றோட்டிலை பாக்கிறதிலை பிரயோசனமில்லை, சில்லுத் தடம் தன்ரை பாட்டுக்கு இழுக்கும். வலப்பக்கம் இழுக்கிற லொறி எண்டால் இந்தச் சோதனையே தேவையில்லை. சரிவை எதிர்த்து இழுக்குதெண்டால் அது பிழையேதான்.

அடுத்தது காத்து. ரயர் ஆறியிருக்கேக்கை, ஒரே கேஜாலை இரண்டு பக்கமும் பார். இரண்டு கடையிலை இரண்டு கேஜாலை பாத்த கணக்கு ஒண்டுக்கும் உதவாது. கதவோரத் தகட்டிலை போட்டிருக்கிற அளவுக்கு இரண்டையும் சமனாக்கு. 5 பி.எஸ்.ஐ வித்தியாசமே கையிலை தெரியலாம், 10 எண்டால் நல்லாவே இழுக்கும். காத்துக் குறைஞ்ச பக்கந்தான் இழுக்கும், ஏனெண்டால் அந்த ரயர் அமுங்கி உருளுறதுக்குக் கூடத் தடை குடுக்குது. பாக்கிற கையோடை ரயரின்ரை பக்கத்து எழுத்துகளையும் சேறு துடைச்சு வாசி. 7.00-16உம் 7.50-16உம் கண்ணுக்கு ஒண்டு மாதிரித்தான் தெரியும். ஒரே அச்சிலை ஒண்டு ரேடியல், மற்றது நைலோன் எண்டால் ஒரு சோதனையும் வேண்டாம், உடனை மாத்து. "DOT" எண்டு தொடங்கிற வரியின்ரை கடைசி நாலு இலக்கமும் செய்த கிழமையும் வருசமும்: 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின்ரை 23ஆம் கிழமை. "புதுசு" எண்டு வித்தது எத்தினை வருசம் தட்டிலை கிடந்ததெண்டு அதிலை தெரியும். ரயருக்குச் சோக்காலை ஒரு கோடு போட்டு, சீமெந்துத் தரையிலை ஒரு முழுச் சுற்று உருட்டி அள. 7.50-16 எண்டால் ஏறக்குறைய இரண்டரை மீற்றர் வரும். இரண்டு பக்கமும் ஒத்து வர வேணும்.

இனித்தான் முக்கியமான சோதனை: முன் சில்லு இரண்டையும் இடம்வலம் மாத்து. ஜக்கை அச்சிலை, ஸ்பிறிங் இருக்கிற இடத்துக்குக் கீழை வை. ரை றொட்டிலை (இரண்டு முன் சில்லையும் இணைக்கிற கம்பி) வைச்சுத் தூக்கிற ஆக்கள் இருக்கினம். அது வளைஞ்சால் நல்ல லொறியும் கெட்டுப்போகும். உன்ரை லொறி பழசெண்டபடியால் இடப்பக்க ஸ்ரட் (நட்டுப் பூட்டுற முளை) இடப்புரியா, மறுவளமாத் திருகிறதா இருக்கக்கூடும், ஸ்ரட் தலைப்பிலை "எல்" அடையாளம் பார். சில்லுகளை மாத்து, நட்டுகளை மாத்தாதை. அந்தந்தப் பக்கத்து நட்டு அந்தந்தப் பக்கத்திலையே நிக்கட்டும். ஹப் முகத்திலையும் றிம்மின்ரை உள்முகத்திலையும் இருக்கிற துரு, கிரவல் மண் எல்லாத்தையும் கம்பித் தூரிகையாலை சுரண்டு. இடையிலை மண் இருந்தால் சில்லு சரிஞ்சு இருந்து ஆடும், நட்டும் இளகும். நட்டுகளை எதிரெதிரா இறுக்கி, 50 தொடக்கம் 100 கிலோமீற்றருக்குள்ளை திருப்பியும் இறுக்கு.

மாத்தின பிறகு அதே றோட்டிலை ஓடிப் பார். இழுவை வலப்பக்கம் மாறினால் குற்றவாளி ரயர். ரேடியலுக்குள்ளை இருக்கிற கம்பிப் பட்டி நடுவிலையிருந்து கொஞ்சம் விலகி இருந்தாலும் அந்த ரயர் கூம்பு உருளுற மாதிரி ஒரு பக்கமா உருளும். வெளியிலை பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது, பலன்ஸ் மெசினும் காட்டாது. கடைக்காரன் மாத்தித் தந்தால் நல்லம். இல்லாட்டி ஒரு ரயரை றிம்மிலை உள்பக்கம் வெளியா திருப்பிப் போடு, அது தள்ளுற திசை மாறும். எந்த ரயர் எண்டு தெரியாட்டி ஒண்டு திருப்பிப் பாத்து, சரிவராட்டி மற்றது. அம்புக்குறி போட்ட ரயரைத் திருப்பக்கூடாது. அந்தச் சோடியைப் பின்னுக்கு அனுப்பு, இரட்டைச் சில்லிலை அது பெரிசாத் தெரியாது. வளையம் போட்ட றிம் எண்டால் வால்வு ஊசியைக் கழட்டி முழுக்காத்தும் போனபிறகுதான் வளையத்திலை கை வைக்க வேணும். காத்தடிக்கேக்கை அதுக்கு நேரை நிக்காதை. அது தெறிச்சால் ஆளை முடிச்சுப்போடும்.

மாத்தினதும் இழுவை இல்லாமலே போச்செண்டாலும் அது ரயர் வேலைதான். அப்பிடியே விடு, தோண்டாதை. மாத்தியும் அதே இடப்பக்கம் எண்டால் கனபேர் "அப்ப ரயர் இல்லை" எண்டு முடிவெடுப்பினம். அதுக்கும் அவசரப்படாதை. பட்டி இழைகளின்ரை சாய்வாலை வாற இழுவை ஒண்டிருக்கு. ரயரை எந்தப் பக்கம் மாத்தினாலும், திருப்பிப் போட்டாலும் அது ஒரே பக்கந்தான் தள்ளும். பழைய முன் ரயரைத் திருப்பி மாட்டி ஒருக்கா ஓடிப் பார். அதோடையும் இழுத்தால்தான் ரயருக்கு விடுதலை.

அதுக்குப் பிறகு பிரேக். ரயர் மாத்தேக்கை ட்றம்மைக் கழட்டி அட்ஜஸ்ரரைத் திருகினவங்களோ எண்டு கேள். பிரேக் அதிகம் பிடிக்காமல் பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் ஓடி நிப்பாட்டி, இரண்டு ட்றம்முக்கும் கிட்டப் புறங்கையைக் கொண்டுபோ, தொடாதை. கூடச் சூடான பக்கத்திலை லைனிங் உரசுது, அல்லது பெயரிங் கூட இறுக்கியிருக்கு. இழுவையும் அந்தப் பக்கமாத்தான் இருக்கும். பிரேக் அடிக்கேக்கை மட்டும் இழுத்தால் கணக்கு மறுவளம்: இழுக்கிற பக்கம் ஒழுங்காப் பிடிக்குது, மற்றப் பக்கந்தான் பிடிக்கேல்லை. மாரியிலை வெள்ளத்துக்குள்ளாலை ஓடின லொறியிலை வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகிறது நெடுகக் காணுற விசயம். ஹப் சீல் போய்க் கிறீஸ் லைனிங்கிலை பட்டிருந்தாலும் அதே கதைதான், அந்த லைனிங்கைக் கழுவிப் போடாதை, இரண்டு பக்கமும் புதுசு மாத்து.

அதுவும் சரியெண்டால் நாடாவை எடு. ஸ்ரியறிங்கை நேராக்கி, முன் ஹப் நடுவிலையிருந்து பின் ஹப் நடுவரை இரண்டு பக்கமும் அள. எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். வித்தியாசம் இருந்தால் அச்சை ஸ்பிறிங்கோடை கட்டுற யூ போல்ற் இளகி, ஸ்பிறிங் நடுவிலை இருக்கிற சென்ரர் போல்ற் அறுந்து, அச்சு நகர்ந்திருக்கும். யூ போல்ற்றை இறுக்கினால் மட்டும் அச்சு இடத்துக்கு வராது, கழட்டிச் சென்ரர் போல்ற் மாத்தத்தான் வேணும். சாமான் ஏத்தினால் மட்டும் இழுக்குதெண்டால் சசிக்கும் (லொறியின்ரை அடிச்சட்டம்) அச்சுக்கும் இடைப்பட்ட உயரத்தை இரண்டு பக்கமும் பார், உடைஞ்ச ஸ்பிறிங் தகடு அங்கை அகப்படும். பவர் ஸ்ரியறிங் எண்டால் முன் அச்சைத் தாங்கியிலை ஏத்தி, எஞ்சினைப் போட்டுக் கையை எடு. ஸ்ரியறிங் தானாத் திரும்பினால் பிழை ஸ்ரியறிங் பெட்டி வால்விலை.

ஒண்டைக் கட்டாயம் கேள்: ஆர் சொன்னாலும் ரை றொட்டைத் திருகி இழுவையைப் போக்க விடாதை. ரை றொட் மாத்திறது ரோ-இன், அதாவது முன் சில்லுகளின்ரை முன்பக்கம் உள்ளுக்கு ஒடுங்கிற அளவு. அது பிழைச்சால் இரண்டு முன் சில்லும் பிழையைச் சமனாப் பகிர்ந்துகொண்டு லொறி நேராத்தான் போகும். ஸ்ரியறிங் கோணி நிக்கும், ரயர் தேயும், அவ்வளவுதான். உந்தப் புது ரயர் கொஞ்ச நாளிலை ரம்பம் மாதிரிப் பல்லுப் பல்லாத் தேஞ்சு போகும், இழுவை மட்டும் இருக்கும். அலைன்மென்ற்றிலை உண்மையா இழுக்க வைக்கிறது காஸ்ரரும் (கிங் பின், அதாவது சில்லு திரும்புற முளை, பின்னுக்குச் சரிஞ்சு நிக்கிற கோணம்) கம்பரும் (சில்லின்ரை மேல்பக்கம் வெளியிலை சரிஞ்சு நிக்கிற கோணம்). காஸ்ரர் குறைஞ்ச பக்கம் இழுக்கும், கம்பர் கூடின பக்கம் இழுக்கும். எல்ப்பிலை காஸ்ரரை ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் இடையிலை வைக்கிற ஆப்பாலைதான் மாத்தலாம். ஸ்பிறிங் வேலை செய்தவன் ஒரு பக்க ஆப்பை மறுவளமா வைச்சிருந்தாலும் இழுக்கும், தடிச்ச பக்கம் இரண்டிலையும் ஒரே திசையிலை நிக்குதோ எண்டு குனிஞ்சு பார். கம்பர் பிழையெண்டால் கிங் பின் தேஞ்சிருக்கும் அல்லது அச்சு வளைஞ்சிருக்கும். இந்த இரண்டுக்குந்தான் மெசின் தேவை. அது வரைக்கும் நாடாவும் கேஜும் காணும்.

காத்து எவ்வளவு, உருட்டின அளவு, ஹப்புக்கு ஹப் அளவு, சில்லு மாத்தின பிறகு எந்தப் பக்கம் இழுத்தது எல்லாத்தையும் எழுதி அனுப்பு. மெசின் தேவைப்பட்டால் வாறதுக்கு முதல் சொல்லு, இஞ்சை ஆள் பாத்து வைக்கிறன். வரேக்கை முருங்கைக்காய் மறந்திடாதை, மனிசி கேக்கச் சொன்னவ.

அன்புடன்,
ராசன்