சுவரில் தொங்குவது முழு லைசென்ஸ் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நானும் கணவரும் தெற்கு லண்டனில் ஒரு சின்னக் கடை நடத்துகிறோம். பால், பாண், பேப்பர், லொத்தர், பின்பக்கச் சுவர் முழுக்க பியரும் வைனும். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால், கவுன்சில் கடிதம் வந்தால் தெரிந்த கடைக்காரர்கள் பலர் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். மதுபான லைசென்ஸ் விசாரணைக்கும் சிலரோடு போயிருக்கிறேன். அங்கே பார்த்ததை எங்கள் ஆட்கள் எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மதுபான லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் முன்பு இங்கே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றங்களிடம் இருந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கவுன்சில்களுக்கு மாற்றியது. 2005 நவம்பரில் இருந்து அந்த முறைதான். கடைக்கு எதிராக முறைப்பாடு வந்தால் பொலிஸோ, சிறுவர்களுக்கு விற்கிறோமா என்று சோதிக்கும் கவுன்சிலின் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவோ, தெருவில் குடியிருக்கும் ஒருவரோகூட 'ரிவியூ', அதாவது லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கலாம். கேட்டால் மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். நிபந்தனைகளை மாற்றலாம், மூன்று மாதம் வரை லைசென்ஸை நிறுத்தலாம், ஒரேயடியாகப் பறிக்கவும் செய்யலாம். பியரும் சிகரெட்டும் வாங்க வருகிறவர்தான் பாலும் வாங்குகிறார். மதுபான லைசென்ஸ் போனால் பல கடைகள் பூட்ட வேண்டியதுதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கடைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் சிறுவர்களுக்கு விற்கவில்லை. வான் வண்டியில் கொண்டு வந்து விற்கும் வரி கட்டாத வொட்காவையும் தொடவில்லை. ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பொலிஸ் வந்தது. கடையில் அவருடைய மருமகன் மட்டும். சிசிரிவியில் போன வாரப் பதிவைப் போட்டுக் காட்டு என்றார்கள், பொடியனுக்குத் தெரியவில்லை. யாருக்கு விற்க மறுத்தோம் என்று எழுதும் புத்தகத்தைக் கேட்டார்கள், இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு இரண்டு பேர் வேலையில் இருக்க வேண்டும் என்று உங்கள் லைசென்ஸில் இருக்கிறதே என்றார்கள். அப்படி ஒரு வரி இருப்பதே தம்பிக்கு அன்றுதான் தெரியும்.

எப்படித் தெரியும்? அவர் கடை வாங்கும்போது லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்ற 23 பவுண் கட்டினார், மது விற்பனைக்குப் பொறுப்பாளர் பெயரை மாற்ற இன்னொரு 23. லீஸைச் சட்டத்தரணியிடம் காட்டினார், சரக்கை இரவிரவாக எண்ணினார், பழைய ஆளின் கல்லாக் கணக்கை வரி வரியாகப் பார்த்தார். லைசென்ஸை மட்டும் படிக்கவில்லை, ஏனென்றால் சுவரில் ஃபிரேம் போட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது வெறும் சுருக்கம். எத்தனை மணிக்கு விற்கலாம், யார் பெயரில் இருக்கிறது என்பதுபோன்ற விபரங்கள்தான் அதில் இருக்கும். நிபந்தனைகள் இருப்பது முழு லைசென்ஸின் பின்னால், 'அனெக்ஸ் 2', 'அனெக்ஸ் 3' என்ற பக்கங்களில். கடை கைமாறும்போது அந்த நிபந்தனைகளும் கூடவே வரும். முதல் ஆளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஏஜென்ட், கவுன்சில் மறுத்துவிடக் கூடாது என்று கண்ணில் பட்ட நிபந்தனைகளை எல்லாம் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். தனி ஆள் நடத்தும் கடைக்கு இரவில் இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்? ஏஜென்டுக்கு அந்தக் கவலை இல்லை, அவருக்குக் காசு கிடைத்துவிட்டது.

நிபந்தனையை மீறி மது விற்பது வெறும் கவனக்குறைவு என்று எண்ணாதீர்கள். அது குற்றம். எல்லையில்லாத அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு.

விசாரணையில் என்னை மிகவும் வருத்தியது தம்பியின் பயம். உங்களுக்கு நிபந்தனைகள் விளங்குகின்றனவா என்று கேட்டார்கள். 'யெஸ்' என்றார். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? 'யெஸ்.' அப்படியானால் ஏன் பின்பற்றவில்லை? அதற்கும் 'யெஸ்' என்றார். அதிகாரியின் முன்னால் 'விளங்கவில்லை' என்று சொல்லக் கூச்சப்படுவது நாங்கள் ஊரில் இருந்தே கொண்டு வந்த பழக்கம். அந்த மேசையில் அது பொய்யாகத் தெரிகிறது. சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டாலும், உங்களுக்காகப் பேச ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, உங்கள் மகளாகவும் இருக்கலாம். முன்கூட்டியே கவுன்சிலுக்கு அறிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கவுன்சில்கள் கண்டிப்பாக இருப்பதை நான் எதிர்க்கவில்லை. பாடசாலை உடுப்போடு வரும் பிள்ளைக்கு விற்கும் கடை மூடப்படுவது நியாயம். விடியற்காலையில் கடை வாசலில் கைநடுங்க நிற்கும் மனிதருக்கு ஒன்பது வீத பியரை ஒற்றைக் கானாக விற்க எனக்கும் மனம் வருவதில்லை. 6.5 வீதத்துக்கு மேல் வேண்டாம் என்று நிபந்தனை போட்டால் நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ஆனால் ஆங்கிலம் மட்டுமட்டான ஒருவரிடம் பல பக்கத் தாளைக் கொடுத்துவிட்டு, அடுத்து ரிவியூவில்தான் சந்திப்போம் என்பது சரியான நிர்வாகமா? லைசென்ஸ் பெயர் மாறும் நாளிலேயே ஓர் அதிகாரி கடைக்கு வந்து அரை மணி நேரம் இருந்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் போனால் இந்த விசாரணைகளில் பாதி தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பகுதிக் கவுன்சிலர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தமிழ்க் கவுன்சிலர்கள் உள்ள இடங்களில் அவர்களிடமும் கேளுங்கள்.

தம்பிக்கு ஆறு வாரம் லைசென்ஸ் நிறுத்தம் கிடைத்தது. 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம், செய்தால் அது முடியும்வரை தீர்ப்பு நடைமுறைக்கு வராது. செலவுக்குப் பயந்து அவர் போகவில்லை.

இதில் மனவருத்தமான விஷயம் என்னவென்றால், இரவில் இரண்டு பேர் வேண்டும் என்ற அந்த நிபந்தனையை மாற்ற முன்பே வழி இருந்தது. 'மைனர் வேரியேஷன்', அதாவது சிறு மாற்றம் என்று சொல்வார்கள். கட்டணம் 89 பவுண். வெள்ளைத் தாளில் அறிவித்தல் எழுதிக் கடை வாசலில் பத்து வேலை நாள் ஒட்ட வேண்டும், விசாரணை கிடையாது, அதிகாரிகளே முடிவு செய்வார்கள். மது விற்கும் நேரத்தைக் கூட்ட இது உதவாது. கடைக்குப் பொருந்தாத பழைய நிபந்தனையை நீக்கவோ திருத்தவோ கேட்கலாம். பிரச்சினை வருவதற்கு முன் கேட்டால் பொலிஸும் நியாயமாகக் கதைக்கும். ரிவியூ கடிதம் வந்த பிறகு கேட்டால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள்.

உங்கள் பத்திரிகை எங்கள் கடைகள் எல்லாவற்றிலும் விற்பனைக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தை ஒதுக்கி, வழக்கமாகப் போடப்படும் நிபந்தனைகளைத் தமிழில் விளக்கிப் போடுங்கள். சட்டம் தெரிந்த வாசகர்கள் யாராவது சரிபார்த்துத் தந்தால் எழுதித் தர நான் தயார். வாசகர்களும் தங்கள் லைசென்ஸின் முழுப் பிரதியை இந்த வாரமே தேடி எடுங்கள். அது கடையிலேயே இருக்க வேண்டும் என்பதும் சட்டம். கிடைக்காவிட்டால் கவுன்சிலைக் கேளுங்கள், பிரதி தருவார்கள். எடுத்த பிறகு, இரவு வேலைக்கு நிற்கும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரப் பெண் ஒருவர்,
தெற்கு லண்டன்